என்புருக்கியும் ஒரு பிடி சோறும்

காசநோய்க்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று என்புருக்கி. எலும்பை உருக்குவது என்பது பொருள். நோய் உடலுக்குச் செய்யும் தீங்கைக் கண்டு இட்ட பெயர் அது. 1882இல் ராபர்ட் கோக் அந்நோயின் கிருமியை உலகுக்கு அறிவித்தபின் மருத்துவத்தின் பார்வை கிருமியின் மீதே நிலைத்தது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதன்பின் வந்த கூட்டு மருந்துகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அதனை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், கிருமி தங்கும் உடலையும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் சிந்தனை இன்று வலுப்பெற்றுள்ளது. அவ்வுடலை அறிவியல் தமிழ் 'ஓம்புயிர்' என்கிறது. கிருமியை விழுங்கும் வெள்ளணுவுக்குள்ளேயே அது செரிக்கப்படாமல் ஒளிந்து வாழ்கிறது. அவ்வணுவின் செரிக்கும் ஆற்றலைத் தூண்டுவது ஒரு வழி. அளவு மீறி நுரையீரலையே அழிக்கும் அழற்சியைத் தணிப்பது மற்றொரு வழி. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் போன்றவை இந்நோக்கில் ஆராயப்படுகின்றன. மூளைச்சவ்வுக் காசநோய்க்கு டெக்சாமெத்தசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு குறைந்ததை, வியட்நாமில் நிகழ்ந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் ஓம்புயிரை ஓம்பும் மருந்துகளுள் மூத்தது உணவு என்பது நம் கருத்து. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உண்பதைப் பற்றியே பேசுவதை நண்பர்கள் அறிவர். இன்றைய சான்றும் உண்டு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ஆய்வொன்றில், நோயாளிகளுக்கு மட்டுமன்றி ஒரு பகுதியினரின் வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. அவ்வாறு பெறாத வீட்டாரோடு ஒப்பிடுகையில், பெற்றவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது.

உணவு கிருமியைக் கொன்றுவிடுமா எனச் சிலர் வினவலாம். கொல்லாது. மாத்திரையை ஒருநாளும் விடலாகாது. கிருமியோடு போரிடும் உடலுக்கு வலிமை வேண்டும் என்பதே நம் வாதம்.

ஒன்றிய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது. நல்ல செயல். ஆனால் ஒரே உலையில் வெந்த சோற்றை நோயுற்ற பிள்ளைக்கு மட்டும் இட்டு, மற்றப் பிள்ளைகளைப் பட்டினி போடும் தாய் உண்டோ? ஆகவே, நோயாளியின் வீட்டார் அனைவர்க்கும் சிகிச்சைக் காலம் முழுவதும் கூடுதல் அரிசியும் பருப்பும் நியாயவிலைக் கடையிலேயே கிடைக்க வேண்டும். அது கொடையாளரின் இரக்கத்தால் வருவதாக இல்லாமல், மருத்துவச் சீட்டில் எழுதப்படும் உரிமையாக இருத்தல் வேண்டும்.