உதவி கேட்கும் இடம்

மே மாத இறுதி வந்துவிட்டால், "என் கணக்கிலிருந்து 436 ரூபாய் ஏன் போயிற்று?" என்ற கேள்வி எங்கள் கிளையில் பலமுறை எழும். கைப்பேசிச் செயலியைத் திறந்தால் தேதி தெரியும், தொகை தெரியும், காரணம் இருக்க வேண்டிய இடத்தில் பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். என்ற எழுத்துகள் மட்டுமே தெரியும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும் பிரீமியம் அது. 2 லட்சம் ரூபாய்க்கான ஆயுள் காப்பீடு. வாடிக்கையாளரே கையெழுத்திட்டு ஒப்புதல் தந்திருப்பார். ஆயினும், என்றோ இட்ட கையெழுத்து எல்லோர் நினைவிலும் நிற்பதில்லை.

தையற்கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவருக்கும் அந்த ஐயம் எழுந்தது. வங்கியின் சேவை எண்ணை இணையத்தில் தேடினார். முதலில் தென்பட்ட எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் மிகப் பணிவாகப் பேசினார். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, கைப்பேசித் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் செய்தார். சில நிமிடங்களில் 18,000 ரூபாய் பறிபோயிற்று. வீட்டில் சொல்லக் கூசிய அந்த அம்மையார், இரண்டு நாள் கழித்தே கிளைக்கு வந்தார். "நான் உதவிதானே சார் கேட்டேன்?" என்றார்.

அவர் உதவி கேட்டது தவறன்று. கேட்ட இடம்தான் தவறு. சரியான இடம் எது என்பதை அவர் அறியாமற்போனதில் வங்கியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறோம்.

முன்பெல்லாம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி விளங்கவில்லையென்றால், அதைப் பதிந்து கொடுத்தவரிடமே கேட்டுவிடலாம். விவரமும் விளக்கமும் ஒரே மேசையில் கிடைத்தன. 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் பணப் பரிமாற்றம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. கணக்கு விவரங்களும் நொடியில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை விளக்கும் மனிதர் அதே விரைவில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர் நாற்காலி போட்டு அமர்கிறார்.

ஆகவே, உதவிக்குரிய இடத்தைத் தொல்லை வருமுன்பே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். டெபிட் கார்டின் பின்புறமும் கணக்குப் புத்தகத்திலும் அச்சிடப்பட்டுள்ள எண், செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதி, நேரில் செல்லக்கூடிய கிளை ஆகிய மூன்றும் நம்பத்தக்கவை. இணையதளத்துக்குச் செல்வதாயின், முகவரி 'பேங்க்.இன்' என முடிகிறதா என்று பாருங்கள். வங்கிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய முகவரி அது. பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்பவர், வேறு செயலியை நிறுவச் சொல்பவர் எவராயினும் வங்கி ஊழியர் அல்லர். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

அடுத்தது, பதற்றம் தவிர்த்தல். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்தும் அவரைச் சேரவில்லையெனில், அடுத்த நாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணம் சிக்கிக்கொண்டால் ஐந்து நாள் கெடு. கெடு கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. இக்கெடுவை அறிந்தவர் நள்ளிரவில் முன்பின் அறியாத எண்ணை அழைக்க மாட்டார். பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வார். புகார் அளித்தால் அதற்குரிய பதிவு எண்ணையும் கேட்டு வாங்குவார்.

மோசடி நடந்துவிட்டாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. இரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியுடையது. கூச்சத்தால் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பதே இதன் பொருள். ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏமாற்றியவரே வெட்கப்பட வேண்டும்.

வங்கியின் பதில் மனநிறைவு தராவிட்டாலோ, 30 நாட்களில் பதிலே வராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விளக்கம் பெறலாம்.

இத்தனையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. கணக்கு அறிக்கையின் ஒவ்வொரு வரியும் வாடிக்கையாளர் அறிந்த மொழியில் காரணம் சொல்ல வேண்டும். "ஆயுள் காப்பீட்டு பிரீமியம், ஆண்டுக்கு ஒருமுறை" என்று அன்று ஒரு வரி இருந்திருந்தால், அந்த அம்மையார் எவரையும் அழைத்திருக்கவே மாட்டார். செயலியின் முதல் திரையிலேயே உதவி எண் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் ஒரு மனிதரின் குரல் கேட்க வேண்டும். கிளைக்கு வந்து கேட்பவரிடம் "செயலியில் பாருங்கள்" என்று கைகாட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும். செயலியில் பார்த்துப் புரியாமல்தானே அவர் வந்திருக்கிறார்!

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதழை மூடுமுன் உங்கள் டெபிட் கார்டைத் திருப்பி, அதிலுள்ள எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். கூடவே 1930-ஐயும் பதியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். விளங்காத வரி ஏதேனும் கணக்கில் தென்பட்டால், தயங்காமல் கிளைக்கு வந்து கேளுங்கள். விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.