வரிக்காக வீடு மாறினால்...

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண் காலண்டரும் கையுமாக வந்து நின்றாள். பால் கணக்கு எழுதுவோமே, அந்த மாதக் காலண்டர். அதில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது.

"என்னம்மா இது, எதுக்கு இத்தனை வட்டம்?" என்றேன்.

"அவர் ஊர்ல இருந்த நாள் மாமி. மொத்தம் 174 ஆயிடுச்சு. இன்னும் ஏழு நாள்தான் பாக்கி. அதுக்கு மேல இருந்தா துபாய் வருமானத்துக்கும் இங்கே வரி கட்டணுமாம். அத்தைக்கு மார்ச் கடைசியில முட்டி ஆபரேஷன். ஏழு நாள்ல வந்து என்ன பண்ணுவார், சொல்லுங்க!"

அவள் கணவருக்குத் துபாயில் சொந்தத் தொழில். அங்கே தனி மனிதர் வருமானத்துக்கு வரி கிடையாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "பெரிய பெரிய பணக்காரங்க எல்லாம் இதுக்காகவே தேசம் விட்டுத் தேசம் போறாங்களாமே. அது தப்பு இல்லையா மாமி?"

நல்ல கேள்வி. காபியைக் கலந்து கொடுத்துவிட்டு அவளுக்கு இரண்டு பேர் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே மண், இரண்டு பேர்

ஸ்வீடன் நாட்டின் தெற்கே ஸ்மோலாந்து என்று ஒரு பகுதி. காடும் கல்லும் நிறைந்த மண். அங்கே பிறந்தவர்கள் சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். அந்த மண்ணில் 1907-ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். 1926-ல் பிறந்தவர் இங்வார் காம்ப்ராட்.

லிண்ட்கிரென் அம்மாள் நம்மைப் போல ஒரு தாய். 1941-ல் காய்ச்சலில் படுத்திருந்த மகளுக்குப் பொழுது போக ஒரு கதை சொல்லத் தொடங்கினார். அப்படிப் பிறந்தவள்தான் பிப்பி என்ற குறும்புக்காரி. 1945-ல் புத்தகமாக வந்து உலகமெல்லாம் போனாள்.

காம்ப்ராட் 17 வயதில், 1943-ல், ஒரு சின்ன வியாபாரம் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு மேஜை, நாற்காலி, கட்டில் என்று விற்கும் ஐகியா. 2018-ல் ஹைதராபாதிலும் கடை திறந்தார்களே, அதேதான். ஐகியா என்ற பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஆங்கிலத்தில் எழுதினால் நாலு எழுத்து. முதல் இரண்டும் அவர் பெயரின் முதலெழுத்துகள். மூன்றாவது அவர் வளர்ந்த பண்ணையின் பெயர், நாலாவது அந்த ஊரின் பெயர். சொந்த வீட்டையும் ஊரையும் கடைப் பெயரிலேயே முடிந்து வைத்துக்கொண்ட மனிதர்!

நூறு ரூபாய்க்கு நூற்றிரண்டு ரூபாய்

1970-களில் ஸ்வீடனில் வரி மிக அதிகம். அதனால் கிடைத்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். குழந்தை பிறந்தால் தாய், தகப்பன் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்பளத்துக்கு ஈடாக உதவித்தொகை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்ற ஏற்பாடு 1974-லேயே அங்கே வந்துவிட்டது. வரிப்பணம் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா?

ஆனால் கணக்கு ஓரிடத்தில் கோணிக்கொண்டது. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் வருமான வரியும் கட்ட வேண்டும். முதலாளி தொழிலாளிக்காகக் கட்டும் பங்கையும் தாங்களே கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்ததில், லிண்ட்கிரென் அம்மாள் அதிகப்படியாகச் சம்பாதித்த ஒவ்வொரு 100 குரோனருக்கும் 102 குரோனர் வரி வந்தது. வீட்டுக் கணக்கு எழுதும் நமக்கே தலை சுற்றுகிறது, இல்லையா?

காம்ப்ராட் என்ன செய்தார்? 1973-ல் மனைவி, மூன்று சிறு பிள்ளைகளோடு பக்கத்து நாடான டென்மார்க்குக்குக் குடி போனார். பிறகு சில ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். கட்டிக் காத்த வியாபாரம் சொத்து வரியிலும் வாரிசு வரியிலும் சிதறிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

ஸ்விட்சர்லாந்தில் ஒரு வேடிக்கையான முறை உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறி, அங்கே சம்பாத்தியம் எதுவும் செய்யாத செல்வர்களுக்கு, வருமானத்தைப் பார்க்காமல் குடும்பச் செலவைப் பார்த்து வரி போடுவார்கள். வீட்டு வாடகையைப் போல இத்தனை மடங்கு என்று ஒரு குறைந்தபட்ச அளவும் வைத்திருக்கிறார்கள். பழைய காரை ஓட்டிக்கொண்டு, விமானத்தில் சாதாரண வகுப்பில் போய்க்கொண்டிருந்த சிக்கனக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? "இது நியாயமா?" என்று அந்த ஊர் மக்களே கேட்டார்கள். 2009-ல் சூரிச் மாநிலத்தார் ஓட்டுப் போட்டு, தங்கள் மாநிலத்தில் இதை நிறுத்தினார்கள். 2014-ல் நாடு முழுவதும் ஓட்டெடுப்பு நடந்தபோது, "இருந்துவிட்டுப் போகட்டும்" என்றே பெரும்பாலோர் சொன்னார்கள்.

லிண்ட்கிரென் அம்மாளிடமும் பணம் இருந்தது. உலகமெங்கும் விற்கும் புத்தகங்கள் இருந்தன. பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். அவர் போகவில்லை, ஒரு கதை எழுதினார். 1976 மார்ச் 10-ம் தேதி பத்திரிகையில் வந்தது. பொம்பெரிபொஸ்ஸா என்ற பெண் புத்தகம் எழுதுகிறாள், இருபது லட்சம் சம்பாதிக்கிறாள், வரி போக ஐயாயிரம்தான் மிஞ்சுகிறது. அவ்வளவுதான் கதை.

நாடே சிரித்தது. நிதி மந்திரிக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளுக்கு வரிச் சட்டம் தெரியாது என்று பாராளுமன்றத்தில் கேலி செய்தார். அம்மாள் விடவில்லை. மந்திரிக்கு நன்றாகக் கதை சொல்லத்தான் வருகிறது, கணக்குப் போட வரவில்லை, நாங்கள் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டால் தேவலை என்று திருப்பிக் கொடுத்தார். கணக்கு அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கட்சி தோற்றது. தோல்விக்கு இந்தக் கதையும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அது அவரே காலமெல்லாம் ஆதரித்து வந்த கட்சி. வரியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நியாயமாக வாங்கு என்றுதான் கேட்டார்.

காகிதத்தில் மட்டும் வீடு மாறினால்?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நிஜமாகவே குடி போவது வேறு, போனதாகக் காட்டிக்கொள்வது வேறு. முதலாவதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும். இரண்டாவது ஏமாற்று.

ஜெர்மனியின் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரை நினைவிருக்கிறதா? 1991 முதல் 1993 வரை தன் வீடு மொனாக்கோவில் என்றார். அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் 1869 முதல் தனி மனிதருக்கு வருமான வரி இல்லை. ஆனால் அவர் உண்மையில் மியூனிக் நகரில்தான் வாழ்ந்தார் என்று வரி அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அங்கே சகோதரி வீட்டில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அது சும்மா தங்கிப் போகும் இடம்தான் என்று சொல்லிப் பார்த்தார். 2002-ல் கோர்ட் ஒப்பவில்லை. இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள், அபராதமும் போட்டார்கள்.

பார்த்தீர்களா? கதவில் பெயர்ப் பலகை மாட்டினால் அது வீடாகிவிடாது. எங்கே படுத்து எழுந்தாய், எங்கே நாளைக் கழித்தாய் என்றுதான் சட்டம் கேட்கிறது. நம் வீட்டுப் பாட்டிகள் கேட்கும் கேள்விதான்!

நம் ஊர்க் கணக்கு

நம் நாட்டிலும் நாள் கணக்குதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை உள்ள நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், இங்கே வசிப்பவர் என்று கணக்கு. இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள வெளிநாட்டு இந்தியர்களுக்கு 2020 முதல் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. 120 நாளிலிருந்தே கவனிக்க வேண்டும். வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொள்வதே பத்திரம். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நான் காட்டிக் கொடுத்ததும் இந்த ஏப்ரல் 1-ஐத்தான். அன்றைக்குப் புதுக் கணக்கு தொடங்குகிறதே! "மார்ச் 26-ம் தேதி வரச் சொல்லு. மார்ச்சில் ஆறு நாள் பழைய கணக்கு. ஏப்ரலில் எத்தனை நாள் இருந்தாலும் புதுக் கணக்கு. ஆபரேஷனுக்கும் இருக்கலாம், அம்மாவை நடக்க வைத்துவிட்டும் போகலாம்."

அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மாமியார் கேட்டாராம்: "என் முட்டிக்கும் சேர்த்தாடி சர்க்கார் கணக்கு வச்சிருக்கு?"

கடைசியில்...

காம்ப்ராட்டின் மனைவி 2011-ல் காலமானார். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 2014-ல் அவர் ஸ்மோலாந்துக்கே திரும்பினார். சொத்து வரியும் வாரிசு வரியும் ஸ்வீடனில் அதற்குள் போய்விட்டிருந்தன. ஆனால் நாற்பது ஆண்டுகளும் போய்விட்டிருந்தன. 2018 ஜனவரி 27-ல், 91 வயதில், அந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்.

லிண்ட்கிரென் அம்மாள் 2002 ஜனவரி 28-ல், 94 வயதில் காலமானார். ஸ்டாக்ஹோமில் 1941-ல் குடியேறிய அதே வீட்டில். மகளுக்குப் பிப்பி கதை சொன்னதும் அந்த வீட்டில்தான்.

போனவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பணத்துக்கு அவர் கணக்கு. ஆனால் சகோதரிகளே, ஒரு வீட்டை வரிக்காக மாற்றும்போது மிச்சமாகும் பணத்தை எழுதிவைக்க எல்லோருக்கும் தெரிகிறது. ஊரில் இல்லாமல் போன பண்டிகை, பேரனைத் தூக்காத பாட்டி, கையைப் பிடிக்க ஆளில்லாத ஆஸ்பத்திரி ராத்திரி - இவற்றை எந்த ஆடிட்டரும் எழுத மாட்டார். அதை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

எதிர் வீட்டுக் காலண்டரில் இப்போது மார்ச் 26-ஐச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. அது மட்டும் பச்சை மையில்.