நித்திரையும் தேசத்தொண்டும்

நமது பொதுக்கூட்டங்களில் ஒரு தலைவரைப் புகழவேண்டுமானால், அன்னார் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே நித்திரை செய்கிறவர் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உடனே கரகோஷம் எழுகிறது. இக்கரகோஷத்தை நாம் ஆட்சேபிக்கிறோம்.

நித்திரை வெறும் சோம்பல் என்னும் எண்ணம் சாஸ்திர ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார் 2013-ல் எலிகளைச் சோதித்து, உறக்கத்தில் மூளையின் அணுக்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 சதவிகிதம் விரிவதாகவும், அவ்வழியே திரவம் ஓடி அமிலாய்டு என்னும் கழிவுப் பொருளை விரைவாக அகற்றுவதாகவும் கண்டனர். அல்ஸைமர் என்னும் மறதி நோயாளரின் மூளையில் படிந்து கிடப்பது இப்பொருளே. 2024-ல் லண்டன் விஞ்ஞானிகள் சிலர் இம்முடிவை மறுத்திருப்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

மனிதரைப்பற்றிய சாட்சியம் வேறுண்டு. பிரிட்டிஷ் சர்க்கார் உத்தியோகஸ்தர் சுமார் 8,000 பேரை 25 வருஷகாலம் கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. (முன்பு நமக்கு உத்தரவுகள் பிறந்த வொயிட்ஹாலின் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி இது, அப்பெயருடன் நமக்கு வந்த காகிதங்களில் உபயோகமானது இதுவொன்றே போலும்.) 50 வயது முதல் 70 வயதுவரை ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கிவந்தவர்களுக்கு, ஏழு மணி நேரம் உறங்கினவர்களைவிட மறதி நோய் காணும் அபாயம் சுமார் 30 சதவிகிதம் அதிகம். காரணகாரியத் தொடர்பு இதனால் முற்றும் ருசுவாகவில்லையெனினும், அலட்சியம் செய்யத்தக்கதன்று.

சட்டமும் மௌனமாயில்லை. 2011 ஜூனில் டில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கிடந்த ஜனங்களைப் போலீஸார் நள்ளிரவில் கலைத்த விவகாரத்தில், நித்திரை அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து காக்கும் உரிமையில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் கூறிற்று. போலீஸார் அபகரிக்கக்கூடாததைக் காரியக் கமிட்டிகள் தொண்டர்களிடமிருந்து அபகரிக்கலாமோ? பதினொரு மணிக்குக் கூடி இரண்டு மணிக்குக் கலையும் கமிட்டிகளை நாம் அறிவோம். அங்கே நிறைவேறிய தீர்மானங்களைக் காலையில் வாசித்துத் திடுக்கிட்டதும் உண்டு.

இராமுறைத் தொழிலாளி வயிற்றுக்காக விழித்திருக்கிறான். அவனுக்காக வாதாடவேண்டியவர்கள் விழிப்பதையே பெருமையாகப் பேசினால், அவன் குறையை யார் கேட்பர்? ஒன்பது மணிக்குமேல் கூட்டம் நடத்துவதில்லை என்று ஒவ்வொரு கமிட்டியும் விதி செய்துகொள்ளட்டும். தினசரிப் பத்திரிகைக்காரராகிய நாமே இவ்விஷயத்தில் பழைய குற்றவாளிகள். ஆயினும் நள்ளிரவில் அறிக்கை கொண்டுவரும் நண்பர்கள் இனி அஸ்தமனத்துக்கு முன்பே வருவார்களானால், நமது குற்றமும் ஓரளவு குறையும்.