பாஸ்... இது லைஃப்டைம் பாஸ்!

ராத்திரி 2 மணிக்கு பைக்ல போய், கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே வரிசையில முதல் ஆளா ஒருத்தர் நிக்கிறார். எதுக்கா இருக்கும்? ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோவா? அதான் இல்லை! இது 1955-ல அமெரிக்காவுல நடந்த மேட்டர். ஆள் யாருன்னா, நம்மளை மாதிரியே ஒரு காலேஜ் ஸ்டூடன்ட். பேர் டேவ் மேக்ஃபர்ஸன், வயசு 22. இடம், கலிஃபோர்னியாவுல புதுசா கட்டின டிஸ்னிலேண்ட்.

ஜூலை 17-ம் தேதியே பார்க்கைத் திறந்துட்டாங்க. ஆனா அன்னிக்கு அழைப்பு வந்தவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. போலி டிக்கெட்டோட உள்ளே புகுந்த கூட்டமும் சேர்ந்து, இடமே திணறிப் போச்சு. குடிக்கிற குழாய் பலதுல தண்ணி வரலை. புதுசா போட்ட தார் வெயில்ல இளகி, லேடீஸோட ஹை ஹீல்ஸ் உள்ளே புதைஞ்சுது. இத்தனையும் டி.வி.யில லைவ் ஓடிக்கிட்டிருந்த நேரத்துல!

காசு கொடுத்து வர்றவங்களுக்கு கேட் திறந்தது மறுநாள், 18-ம் தேதி. டிக்கெட் நம்பர் 1-ஐ வால்ட் டிஸ்னியோட அண்ணன் ராய் டிஸ்னி 1 டாலர் கொடுத்து முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டார். (ஓனர் வீட்டுக் கோட்டா!) நம்பர் 2 நம்ம ஹீரோவுக்கு.

உள்ளே போய் எத்தனை ரைடு போனார் தெரியுமா? ஒண்ணுகூட இல்லை. கிளாஸுக்குப் போகணும்னு பைக்கைத் திருப்பிட்டார். கட் அடிக்கத் தெரியாத அப்பாவி! ஆனா முதல் ஆளா வந்து நின்னதுக்காக டிஸ்னி அவருக்கு ஆயுசு முழுக்க இலவசமா உள்ளே வர ஒரு பாஸ் கொடுத்தது.

அதே சமயத்துல வால்ட் டிஸ்னி நேர்லயே வரவேற்ற முதல் குழந்தைகள்னு ரெண்டு பேர் இருக்காங்க. ஒரு 5 வயசுப் பொண்ணு, ஒரு 7 வயசுப் பையன். அவங்களுக்கும் லைஃப்டைம் பாஸ் கிடைச்சுது. 1971 அக்டோபர் 1-ம் தேதி ஃப்ளோரிடாவுல வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தப்போ, முதல் குடும்பம்னு தேர்ந்தெடுத்த வீட்டுக்கும் அதே மரியாதை. ஒஹாயோ மாநிலத்துல 1870-ல ஆரம்பிச்ச சீடர் பாயின்ட் பார்க், தன்னோட 150-வது வருஷத்துக்காக 150 பேருக்கு இப்படி ஒரு டிக்கெட் அறிவிச்சுது. ஜெயிச்சவங்க ஆயுசுக்கும் ஃப்ரீ, கூட 3 பேரையும் கூட்டிட்டுப் போகலாம்.

இதோட மதிப்பு எவ்வளவு? 1955-ல டிஸ்னிலேண்ட் நுழைவுக் கட்டணம் பெரியவங்களுக்கு 1 டாலர், ரைடுக்குத் தனிக் காசு. 2024-ல கூட்டமான நாள்ல ஒரு டிக்கெட் 206 டாலர், ரைடும் சேர்த்து. விலைவாசியை மட்டும் கணக்குல எடுத்தா, அந்த 1 டாலர் 2024-ல சுமார் 12 டாலர்தான் ஆகியிருக்கணும். அப்போ பாஸ் வச்சிருக்கறவங்க காட்டுல மழைதானே?

அப்படின்னா கம்பெனிக்கு நஷ்டமா? இங்கேதான் நம்ம எகனாமிக்ஸ் பேப்பர் உதவுது. ஒரு ரைடு காலி சீட்டோட சுத்தினாலும் அதே கரன்ட், அதே ஆபரேட்டர், அதே மெயின்டனன்ஸ். கூட ஒருத்தர் ஏறினா ஆகிற செலவு ஏறக்குறைய ஜீரோ. அதுக்குப் பேர்தான் மார்ஜினல் காஸ்ட். அதுவும் பாஸ்காரர் தனியாவா வருவார்? பசங்க, பசங்களோட பசங்கன்னு ஒரு பட்டாளத்தோட வருவார். சாப்பாடு, பாப்கார்ன், டி-ஷர்ட், பொம்மை எதுவும் ஃப்ரீ இல்லையே! விரல் விட்டு எண்ற ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிற பாஸ் கம்பெனிக்கும் லாபம், வாங்கினவருக்கும் சந்தோஷம்.

இதையே விலை போட்டு வித்தா என்ன ஆகும்? அதுக்கும் ஒரு கதை இருக்கு, ஆனா பார்க்குல இல்லை, பிளேன்ல! 1981-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு பாஸ் வித்துது. 2,50,000 டாலர் கட்டினா ஆயுசு முழுக்க ஃபர்ஸ்ட் கிளாஸ்ல எத்தனை தடவை வேணும்னாலும் பறக்கலாம். 1987-ல இதை வாங்கின சிகாகோ பேங்கர் ஒருத்தர் 10,000 தடவைக்கு மேல பறந்துட்டார். பிளேன்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டுங்க கொஞ்சம்தான். அவர் உட்கார்ந்தா, அதைக் காசுக்கு விக்க முடியாது. ஒவ்வொரு தடவை அவர் ஏறும்போதும் கம்பெனிக்கு வயிறு எரிஞ்சுது. 2008-ல, பொய்ப் பேர்ல சீட் புக் பண்ணினார்னு குற்றம் சாட்டி பாஸை ரத்து பண்ணிட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். லைஃப்டைம் பாஸ் வழக்குல போய் முடிஞ்சுது!

டிஸ்னி வேர்ல்டும் ஒரு காலத்துல காலாவதியே ஆகாத டிக்கெட் வித்துக்கிட்டிருந்தது. மிச்சம் இருக்கிற நாளை எத்தனை வருஷம் கழிச்சும் பயன்படுத்தலாம். டிக்கெட் விலை ஏற ஏற இது யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்க. 2015-ல அந்த வசதியையே எடுத்துட்டாங்க.

'நமக்கு டிஸ்னியா பாஸ் தரப் போகுது, இதெல்லாம் எதுக்கு?'ன்னு கேக்கறீங்களா? வெயிட் பண்ணுங்க. இன்னிக்கு ஆன்லைன் கோர்ஸ், சாஃப்ட்வேர், ஜிம்னு எங்கே பார்த்தாலும் 'லைஃப்டைம் ஆக்ஸஸ்'தான். பாக்கெட் மணியை அங்கே கொட்டறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க.

ஒண்ணு: இது யாரோட லைஃப்? உங்களோடதா, கம்பெனியோடதா? கடையை இழுத்து மூடிட்டா பாஸை ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டியதுதான்.

ரெண்டு: எப்போ ரத்து பண்ணுவாங்க? அது அடியில பொடி எழுத்துல இருக்கும். கண்ணாடி போட்டுப் படிங்க.

மூணுதான் முக்கியம்: நீங்க நல்லா பயன்படுத்தினா கொடுத்தவங்களுக்கு சந்தோஷமா, வயித்தெரிச்சலா? டேவ் தினமும் வந்து நின்னாலும் டிஸ்னிக்கு அது ஒரு பெருமை. சிகாகோக்காரர் வந்து நின்னா ஏர்லைன்ஸுக்குத் தலைவலி. ரெண்டு பாஸ்லயும் 'வாழ்நாள்'னுதான் சொன்னாங்க. ஆனா ஒண்ணு அன்பளிப்பு, இன்னொண்ணு வியாபாரம்.

வியாபாரத்துல 'வாழ்நாள்'ங்கிற வார்த்தை, கொடுத்தவருக்குக் கட்டுப்படியாகிற வரைக்கும்தான். இதைப் புரிஞ்சுக்கிட்டா நீங்க பாஸ், பாஸ்! அடுத்த வாரம் பார்ப்போமா?