பிட்லாக்கர் மேல் பழி போடாதீர்கள்

"லேப்டாப் ஸ்லோவா? முதலில் பிட்லாக்கரை எடுத்துவிடுங்கள் சார்." சர்வீஸ் கடை முதல் ஆபீஸ் ஐடி பிரிவு வரை எல்லோரும் எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டு இது. உள்ளே 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க், பூட் ஆகும்போதே முண்டியடித்துக் கிளம்பும் செயலிகள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பழியை மட்டும் விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷனான பிட்லாக்கர் தலையில் கட்டுகிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சில் உண்மை இருந்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பிட்லாக்கர் வந்தபோது, ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் கணக்கு முழுவதையும் பிராசஸர் தன் சாதாரணக் கட்டளைகளைக் கொண்டே போட வேண்டியிருந்தது. 2010இல் இன்டெல் இதற்கென்றே தனிக் கட்டளைகளைச் சில்லுக்குள் வைத்தது. அடுத்த ஆண்டே ஏஎம்டியும் வைத்தது. நம் ஆட்கள் இன்னும் விஸ்டா காலத்திலேயே நிற்கிறார்கள்.

நம்பாதவர்கள் லினக்ஸில் 'கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்' என்ற கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். சில வருடப் பழைய லேப்டாப்கூட ஏஇஎஸ் வரியில் பெரும்பாலும் நொடிக்கு 2,000 எம்பியைத் தாண்டிக் காட்டும். லேப்டாப் ஹார்டு டிஸ்க் 150ஐத் தொட்டாலே பெரிது. சாட்டா எஸ்எஸ்டி 550 வாக்கில் நின்றுவிடும். ஆக, டிஸ்குக்காகத்தான் பிராசஸர் காத்துக் கிடக்கிறது.

வேகமான என்விஎம்இ டிஸ்கில், சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து எழுதும் சோதனைகளில் பிட்லாக்கர் கணிசமாகவே பின்தங்குகிறது. அதை மறுக்கவில்லை, டேட்டாபேஸ் ஓட்டுபவர்கள் அளந்து பார்த்து முடிவெடுக்கட்டும். ஆனால் அங்கேயும் குற்றவாளி எப்போதும் குறியாக்கம்தான் என்று சொல்லிவிட முடியாது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனப் பொறியாளர்கள் லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனைத் துருவிப் பார்த்து 2020இல் எழுதியது இது: தாமதத்தில் பெரும்பங்கு ஏஇஎஸ் கணக்கால் வரவில்லை, ஒவ்வொரு கோரிக்கையையும் வரிசை வரிசையாக நிற்கவைத்த மென்பொருளால் வந்தது. அந்த வரிசைகளைத் தாண்டிப்போக லினக்ஸ் 5.9இல் வழி வந்துவிட்டது.

வதந்திக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. ஏற்கெனவே நிரம்பிய டிஸ்கில் பிட்லாக்கரை இயக்கினால், முதல் சில மணிநேரம் அது மொத்த டிஸ்கையும் மாற்றி எழுதும். அப்போது கம்ப்யூட்டர் திணறத்தான் செய்யும். பலர் அந்த அரை நாளை வைத்தே ஆயுளுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் ஃபோன் வாங்கிய நாளிலிருந்தே என்கிரிப்ட் ஆகித்தான் ஓடுகிறது; அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வேகம் வேண்டுமென்றால் எஸ்எஸ்டி மாட்டுங்கள், ரேமைக் கூட்டுங்கள். பிட்லாக்கரை எடுக்காமல், அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பிட்லாக்கரை எடுத்த லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால், டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுகிறவருக்கு உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டு தேவையே இல்லை.