முகமூடியும் இரும்புக்கையும்

அரசியலில் வீரன் இன்னான், கொடியவன் இன்னான் என்று சித்திரத்தினால் ஜனங்களுக்குக் காட்டும் வித்தை தமிழ்நாட்டில் எங்கே வெற்றிக்கொடி நாட்டிற்று என்று கேட்டால், திண்டுக்கல் என்றே விடை சொல்ல வேண்டும். 1973-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய "உலகம் சுற்றும் வாலிபன்" வெளியாயிற்று. மின்னலின் சக்தியைச் சேமிக்கும் ரகசியத்தைக் கண்ட விஞ்ஞானி ஒருவன். அந்த ரகசியத்தைப் பறிக்க முயலும் பாதகன் ஒருவன். கதை முழுவதும் சிறுவர் சித்திரக்கதையின் பாங்கானதே. அதே மாதத்தில் திண்டுக்கல் பார்லிமெண்டுத் தொகுதியில் உபதேர்தல் நடந்தது. தோன்றி ஒரு வருஷமும் நிறையாத அண்ணா தி.மு.க.வின் அபேட்சகர் மாயத்தேவர், இரட்டை இலைச் சின்னத்தில் நின்று, லக்ஷத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். அன்று ஆட்சியிலிருந்த தி.மு.க. மூன்றாம் ஸ்தானத்துக்குப் போயிற்று. அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கொட்டகையில் கண்ட வீரனையே மேடையிலும் கண்ட குடியானவன், அங்கே கண்ட கொடியவனையும் மேடைக்கு எதிர்ப்புறத்தில் தேடினான் என்பதில் சந்தேகமில்லை.

அந்நாளில் நமது சிறுவர்கள் வேறொரு சித்திரத்திலும் மயங்கியிருந்தார்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மாத்திரம் வெளியில் தெரியும். 1962-ல் இங்கிலாந்தில் "வேலியண்ட்" பத்திரிகையில் அவன் தோன்றியபோது குற்றவாளியாகவே தோன்றினான். பிற்பாடுதான் நீதியின் பக்கம் திரும்பினான். அதிகாரத்தின் சுபாவத்தை எத்தனையோ பண்டிதர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆளைக் காணோம், கை மட்டும் கழுத்தைப் பிடிக்கிறது என்ற இந்தச் சித்திரத்தைப்போல் அதை உள்ளபடி காட்டியது அபூர்வம்.

சித்திரத்தினால் ஏறியவர்கள் சித்திரத்தைப் பொறுத்தார்களா? 1987-ம் வருஷம் மார்ச்சு மாத இறுதியில் "ஆனந்த விகடன்" அட்டையில் ஒரு ஹாஸ்யச் சித்திரம் வந்தது. மேடையில் இருவர் வீற்றிருக்கிறார்கள். பிக்பாக்கெட் போலிருப்பவர் சட்டசபை அங்கத்தினர், முகமூடிக் கொள்ளைக்காரர் போலிருப்பவர் மந்திரி என்பது விகடம். யாருடைய பெயரும் இல்லை. அப்போது முதல் மந்திரி அதே எம்.ஜி.ஆர். ஏப்ரல் 4-ந் தேதி சட்டசபை, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. மன்னிப்புக் கேட்க அவர் இசையவில்லை. நாடெங்கும் எழுந்த கண்டனத்தினால் சில தினங்களுக்குள் விடுதலை செய்தார்கள். பிற்பாடு சென்னை ஹைகோர்ட்டு அவருக்கு 1,000 ரூபாய் நஷ்டஈடு அளித்தது. திரையில் முகமூடிக் கொள்ளைக்காரனை அடித்து வீழ்த்திக் கைதட்டல் வாங்கியவர்களுக்கு, அந்த முகமூடி தங்கள் வரிசையில் காணப்பட்டபோது சிரிக்க மனம் வரவில்லை!

இக்குணம் ஒரு கட்சிக்கு மாத்திரம் சொந்தமன்று. 2025-ம் வருஷம் பிப்ரவரியில், அமெரிக்கா நம் தேசத்தவரை விலங்கிட்டுத் திருப்பியனுப்பியதை ஒட்டி, பிரதமர் மோடி கைகால் விலங்குகளுடன் டிரம்பின் அருகே அமர்ந்திருப்பதாக விகடன் இணையப் பத்திரிகை ஒரு சித்திரம் வெளியிட்டது. 15-ந் தேதி அந்த ஸ்தாபனத்தின் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. உத்தரவோ நோட்டீஸோ தங்களுக்கு வரவில்லை என்று பத்திரிகையார் தெரிவித்தனர். ஒரு சித்திரத்துக்காக ஒரு பத்திரிகையின் கதவு முழுவதும் அடைபட்டது. மார்ச்சு 6-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கும்படி இடைக்கால உத்தரவிட்டது.

இன்று சித்திரம் அசையவும் பேசவும் கற்றுவிட்டது. கட்சிகளின் ஐ.டி. பிரிவுகள் எதிர்க்கட்சித் தலைவர்களுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வைத்து வீடியோச் சித்திரங்களை நாள்தோறும் செல்பேசிகளில் இறைக்கின்றன. அரை நிமிஷத்தில் கொடியவன் பிடிபட்டு விடுகிறான். ஆனால் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவினால் கிணறும் நிலமும் கெட்டதே, அதற்கு எந்த முகத்தை வரைவது? 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்த ஜில்லா உள்பட ஐந்து ஜில்லாக்களின் தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அத்தனை ஆலைகள், அத்தனை அதிகாரிகள், அத்தனை வருஷ அலக்ஷியம். கொம்பு வைக்க ஒரு தலை அகப்படாது. இத்தகைய கொடுமையை வரையும் ஓவியனே நமக்கு இன்று தேவை. அவனையோ கட்சிகள் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆகவே அவனுக்குச் சட்டத்தின் காப்பு வேண்டும். 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை ரத்துச் செய்தது. ஆனால் தளங்களை முடக்கும் 69-ஏ பிரிவை நிலைநிறுத்திற்று. அந்தப் பிரிவின்கீழ் 2009-ல் செய்த விதிகளில் 16-வது விதி, புகார்களையும் அவற்றின்மீது எடுத்த நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இந்த விதியை எடுத்துவிட வேண்டும். எந்தச் சித்திரத்தை, என்ன காரணத்தால், எந்த அதிகாரி தடுத்தார் என்ற உத்தரவு கையெழுத்துடன் வெளியாக வேண்டும். வரைந்தவனைக் கேட்ட பிறகே தடுக்க வேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள், எக்கட்சியினராயினும், இதை வரும் கூட்டத்திலேயே கிளப்புவார்களா?