பொலிரோவுக்கு 18%, ஃபோர் வீல் ஜீப்புக்கு 40%: மலைத் தோட்ட வேலைக்கு எந்த டீசல் வண்டி சரிப்படும்?

ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சு, இப்போ ஒரு ஜீப் எடுக்கலாமா? போடி, கம்பம், வால்பாறை, கொல்லிமலை எனத் தோட்டமும் மலையும் இருக்கிற ஊர்களில் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். அன்று முதல் அமலுக்கு வந்த புதிய வரி விகிதத்தில் பெரும்பாலான வாகனங்களின் விலை குறைந்தது உண்மை. ஆனால் கரடுமுரடான பாதையில் தினமும் ஓட்ட வண்டி தேடுபவருக்கு இந்த வரிக் குறைப்பு ஒரு விநோதமான சிக்கலையும் கொடுத்திருக்கிறது.

நான்கு சக்கரமும் சுழலும் வண்டி முன்பைவிட மலிவுதான். ஆனால் அதற்கும் பின்சக்கரம் மட்டும் சுழலும் வண்டிக்கும் உள்ள வரி இடைவெளி, குறைவதற்குப் பதில் அதிகமாகிவிட்டது.

4 மீட்டர், 1500 சிசி: எல்லாத்தையும் முடிவு பண்ணும் கோடு

டீசல் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள்ளும், இன்ஜின் 1500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் 18% வரி. ஒன்று தாண்டினாலும் 40%. வண்டி தோட்டத்துக்குப் போகிறதா, மாலுக்குப் போகிறதா என்பதை இந்த விதி பார்ப்பதில்லை.

மஹிந்திரா பொலிரோ 3995 மி.மீ. நீளம், 1493 சிசி. மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது. அதனால் 31 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. விலை 1.27 லட்சம் ரூபாய் வரை குறைந்தது. தார் மாடலில் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினுடன் வரும் பின்சக்கர வகைக்கும் இதே கணக்குதான், 1.35 லட்சம் வரை குறைவு. அதே தாரில் 2.2 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ் எடுத்தால்? வரி 48-லிருந்து 40 ஆனது, குறைந்தது 1.01 லட்சம் வரை. ஃபோர்ஸ் கூர்க்காவின் இன்ஜின் 2596 சிசி. எனவே அதுவும் 40% பக்கம்தான்.

இதை ஒரு எளிய கணக்காகப் பார்க்கலாம். வரிக்கு முன் 10 லட்சம் ரூபாய் விலையுள்ள இரண்டு வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் ஒன்று 13.10 லட்சம், இன்னொன்று 14.80 லட்சம். வித்தியாசம் 1.70 லட்சம். புதிய விகிதத்தில் 11.80 லட்சம், 14 லட்சம். வித்தியாசம் 2.20 லட்சம். அதாவது இரண்டுமே மலிவு, ஆனா ஃபோர் வீல் பக்கம் தாவுறதுக்கு இப்போ 50 ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தாண்ட வேண்டும்.

இதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் அமலில் உள்ள வாழ்நாள் வரியில், 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%. 9.5 லட்சம் ரூபாய் வண்டிக்கு 1,23,500 ரூபாய் கட்டினால், 14 லட்சம் ரூபாய் வண்டிக்கு 2,52,000 ரூபாய். மேல ஒரு வரி, கீழ ஒரு வரி என்று இரண்டு பக்கமும் இடி.

விவசாய டிராக்டருக்கான ஜிஎஸ்டி இதே மாற்றத்தில் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் டிராக்டர் ஏற முடியாத ஏலக்காய்த் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போகும் ஃபோர் வீல் ஜீப், சோடா வகை இனிப்புக் குளிர்பானங்களோடு சேர்த்து 40% அடுக்கில் நிற்கிறது. ஆடம்பரப் பொருள் என்று எதை வைத்து முடிவு செய்தார்களோ!

ஃபோர் வீல் உண்மையிலேயே தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. இங்கதான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

காய்ந்த பாதை, கல் பாவிய எஸ்டேட் ரோடு, மிதமான ஏற்றம் என்றால் பின்சக்கர பொலிரோ போதும். சேஸிஸ் மீது பாடி அமைந்த கட்டுமானம், பின்னால் லீஃப் ஸ்பிரிங் என்பதால் சுமையைத் தாங்கும். ஆனால் மழைக்காலச் செம்மண் சேறு வேறு கதை. வண்டி காலியாக இருந்தால் பின்சக்கரத்தில் எடை குறைவு. பிடிமானம் போய் அந்த இடத்திலேயே சுழலும். சக்கரத்தில் இரும்புச் சங்கிலி கட்டி ஓட்டும் வழக்கம் மலைத் தோட்டங்களில் இருப்பது இதனால்தான். ஒரு பின்சக்கரம் வழுக்கும்போது மற்றதுக்கு விசையை அனுப்பும் 'லாக்கிங் டிஃபரென்ஷியல்' இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பொலிரோ நியோவின் மேல்நிலை வகைகளில் இது கிடைக்கிறது, அதுவும் 4 மீட்டர் கோட்டுக்குள்ளேயே.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஃபோர் வீல் வண்டியின் அருமை தெரியும். தார், கூர்க்கா இரண்டிலும் 'லோ ரேஞ்ச்' என்று தனியாக ஒரு கியர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிப்பு குறைந்துவிடும். சுமையோடு நீண்ட இறக்கம் தினமும் இருக்கிற பாதை என்றால், அந்த 40% வரியைத் திட்டிக்கொண்டே கட்டிவிடுவது நல்லது.

தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியும் முக்கியம். பொலிரோவில் 180 மி.மீ., தாரில் 226, கூர்க்காவில் 233. சக்கரம் போய்ப் போய்க் குழிந்த தடத்தின் நடுவே கல் துருத்திக்கொண்டிருக்கும் பாதையில் இந்த 4, 5 செ.மீ. வித்தியாசம்தான் ஆயில் சம்ப்பைக் காப்பாற்றும்.

மெதுவா ஓட்டினாலும் ஒரு பிரச்சினை

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்6 டீசல் வண்டிகளில் 'டிபிஎஃப்' எனப்படும் கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் உள்ள கரித்தூளைப் பிடித்து வைத்து, பிறகு சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கும். அந்த வெப்பம் வர வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். எஸ்டேட்டுக்குள் காலை முதல் மாலை வரை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தால் அது நடக்காது. கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும்.

வாரத்துக்கு ஒரு முறையாவது கீழே இறங்கி மெயின் ரோட்டில் 20 நிமிடம் போல நிற்காமல் ஓட்டுவது நடைமுறைத் தீர்வு. விளக்கு எரியும்போது இன்ஜினை அணைக்கக் கூடாது. கம்பெனி சொல்லும் வகை இன்ஜின் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சட்டவிரோதம், வாரண்டியும் போய்விடும்.

தோட்டத்தில் பேரலில் டீசல் வாங்கி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். பேரலில் தண்ணீர் இறங்கும். பழைய ஜீப் இன்ஜின் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. இப்போதைய காமன் ரயில் இன்ஜெக்டர் பொறுக்காது. ரிப்பேர் பில் பெரிசா வரும்.

பிக்கப் எடுத்தால் வரி குறையுமே?

குறையும். சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. இதில் இன்ஜின் அளவுக் கோடு கிடையாது. பொலிரோ கேம்பர் போன்ற வண்டியில் முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சுமார் 1 டன் ஏற்றலாம். இதில் 2523 சிசி இன்ஜினுடன் ஃபோர் வீல் வகையும் வந்தது. ஜிஎஸ்டி பதிவுள்ள எஸ்டேட்டுகளுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் வசதியும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் கார்களுக்கு அது பொதுவாகக் கிடையாது. தோட்டத்துக்காரர் கணக்கில் இதுதான் லாபம். ஆனால் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

தேனி மாவட்டத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களை ஏற்றிப் போக எந்த வண்டி என்பதை முடிவு செய்பவர் அவர்கள் இல்லை. சரக்கு வண்டியின் பின்தட்டில் ஏறிப் போகும்போது விபத்து நடந்தால், சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதி என்றால் காப்பீடு உண்டு. சும்மா ஏறி வந்தவர் என்றால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. சில வழக்குகளில் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. அப்போதும் கடைசியில் தலையில் விழுவது உரிமையாளருக்குத்தான். வேலைக்குப் போன குடும்பம் அதுவரை கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

ஆட்களை ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால் அதற்கும் 18 சதவீதத்தில் வழி இருக்கிறது. டிரைவரோடு சேர்த்து 10 பேர் அல்லது அதற்கு மேல் உட்காரும் வண்டிகளுக்கும் வரி 28-லிருந்து 18 ஆகியிருக்கிறது. ஃபோர்ஸ் டிராக்ஸ் குரூஸர் இந்த வகை. நீளமான வண்டி என்பதால் கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் சிரமம். ஆனால் பெர்மிட்டோடு ஓட்டினால் ஒவ்வொரு சீட்டுக்கும் காப்பீடு இருக்கும்.

பழைய ஜீப்பையே வச்சுக்கலாமா?

டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் மீதான கட்டுப்பாட்டைக் கேட்டு இங்கும் பலர் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. சொந்த வண்டி என்றால் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். செலவுதான் ஏறியிருக்கிறது: 20 ஆண்டு தாண்டிய இலகுரக வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி.

டிபிஎஃப் இல்லை, சென்சார் இல்லை, மலை அடிவாரத்து மெக்கானிக்கே சரி செய்துவிடுவார் என்ற காரணங்களால் பழைய ஃபோர் வீல் ஜீப்புக்குச் சந்தையில் இன்னும் மவுசு உண்டு. வாங்குவதற்கு முன் ஆர்.சி.யில் எத்தனை சீட், தனியார் வண்டியா வாடகை வண்டியா என்பதைப் பார்க்க வேண்டும். அடுத்து சேஸிஸில் துருவும் வெல்டிங்கும் இருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கணும். ஃபோர் வீல் லீவரைப் போட்டு மண் தரையில் ஓட்டும்போது முன்சக்கரம் உண்மையிலேயே இழுக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். லீவர் மட்டும் அசைந்து உள்ளே எதுவும் நகராத ஜீப்புகளும் விற்பனைக்கு வருகின்றன.